காருக்குள் ஆள் இல்லை

வெஸ்டர்கிளிட்
ஞாயிறு, 17 ஜனவரி 1993

மாப்பிள்ளை ஹோல்கருக்கு,

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ராணுவத்தில் இருந்தபோது, அம்மாவுக்கு. காலுறை அனுப்பச் சொல்லி இரண்டு வரி. ஏழாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் கைகுலுக்கிப் பிரிந்த கதை உனக்குத் தெரியும். எழுத்து கோணினால் சிரிக்காதே.

போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். உன் கப்பல் பட்டறையில் போனை எடுக்கிறவள் மூன்று தடவை "அவரு வேலையா இருக்காரு" என்றாள். நான்காம் தடவை என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாள். இங்கே ஊரில் உன் வீட்டில் சொல்லிவைத்தால் லிஸ்பெத் காதில் விழும். உன் மனைவி முதலில் என் தங்கை. அவளுக்கு இது இப்போது வேண்டாம். அதனால்தான் ஹிர்ட்ஷால்ஸுக்குத் தபால் தலை ஒட்டுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நான் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்து என்னை வாணலியில் மீனைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பிச் சூடு பண்ணினார்கள். நர்ஸ் ஒருத்தி, "கொண்டுவந்தப்ப உடம்புல சூடே இல்லங்க" என்றாள். "என் பெண்டாட்டி இருபத்தஞ்சு வருஷமா அதைத்தாம்மா சொல்றா" என்றேன். சிரித்துவிட்டு ஊசியைக் கொஞ்சம் மெதுவாகக் குத்தினாள்.

இனி விஷயம். அந்தச் சனிக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். உன் பக்கத்திலிருந்து நீ சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கீழைக்காற்று. தண்ணீர் நாலு டிகிரி. நம் வழக்கப்படி ஒருவன் பாய்மரம் மாட்டி அலையில் ஓட்டும் பாய்ப்பலகையோடு தண்ணீரில், ஒருவன் காருக்குள். காரின் முகப்பு விளக்கு கடலைப் பார்த்து எரிய வேண்டும். எரிந்தால், "உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று பொருள். நான் கை தூக்கினால் நீ இரண்டு தடவை சிமிட்ட வேண்டும். அணைத்தால், "போதும், கரைக்கு வா". பதினாலு குளிர்காலமாக இதுதான் நமக்குச் சட்டம். கோடையில் வரும் ஜெர்மன்காரர்களுக்குக்கூட இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

காற்று ஏறியது. நான் கரைக்கு வந்து, பெரிய சிவப்புப் பாயை மணலில் போட்டு, மேலே நாலு கை மணலும் அள்ளிப் போட்டுவிட்டு, சின்னப் பாயை மாட்டிக்கொண்டு திரும்பப் போனேன். கை தூக்கினேன். சிமிட்டினாய். அதுவரை எல்லாம் சரி.

ஏழாவதோ எட்டாவதோ ஓட்டத்தில், பாய்மரத்தைப் பலகையோடு பிடித்துவைக்கிற ரப்பர் மூட்டு பட்டென்று அறுந்தது. பாய் ஒரு பக்கம் போயிற்று, பலகையும் நானும் ஒரு பக்கம். காற்று எங்கே போகிறது? நேராக இங்கிலாந்துக்கு. நான் பலகையில் குப்புறப் படுத்து ஒரு கையைத் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். விளக்கு எரிந்தது. சிமிட்டவில்லை. காபி ஊற்றுகிறாய் என்று நினைத்தேன். கண்ணாடியில் பனி மூடியிருக்கும் என்று நினைத்தேன். கார் தீப்பெட்டி அளவாகி, விளக்கு இரண்டு ஊசிமுனை ஆகும் வரைக்கும் உனக்காக நான் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன், மாப்பிள்ளை.

நம் மீட்புப் படகே வந்து என்னைத் தூக்கியது. பத்தொன்பது வருடம் அந்தப் படகில் அடுத்தவனை இழுத்துப் போட்டவன், அன்றைக்கு மூட்டையாக உள்ளே விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆக்சல் வீட்டுக்கு வந்தான். குழுத் தலைவன் முகத்தோடு வந்தான். சினேகிதன் முகத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டான். "ஹோல்கர் எல்லாத்தையும் சொல்லிட்டான். வெளக்க அணைச்சு உன்னக் கரைக்குக் கூப்பிட்டிருக்கான். நீ மதிக்கல. அவன் போனப்புறம் தனியா எறங்கிருக்க. உனக்காகப் பதினோரு பேரு உசிரப் பணயம் வச்சாங்க" என்றான். படகுக் குழுப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டானாம். பிப்ரவரி 27 கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கித்தான் நான் திரும்ப வருவதா இல்லையா என்று முடிவு.

ஏதோ குழப்பம் என்று நினைக்கிறேன். ஆக்சலுக்கு வலது காது மந்தம். நீ அவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டால் முடிந்தது. எனக்கு அந்தப் படகில் என் இடம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

உன் மச்சான்,
எவால்ட்


ஹிர்ட்ஷால்ஸ்
24 ஜனவரி 1993

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. உடல்நிலை தேறி வருவது அறிந்து மகிழ்ச்சி. இங்கே ஒரு கப்பலின் மின்கம்பி முழுவதையும் மாற்றும் வேலை. நாள் முழுவதும் எந்திர அறையில் இருப்பதால் போனுக்கு வர முடியவில்லை.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. மூன்று தடவை விளக்கைச் சிமிட்டினேன். பிறகு அணைத்தேன். நீ திரும்பிக் கரையை நோக்கி வருவதைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்தேன். கியோஸ்க் கடைக்கு நடந்தேன், காபிக்காக. அதன் பிறகு நீ மறுபடி இறங்கியிருக்கிறாய். ஆக்சலிடம் நான் சொன்னதும் இதுதான்.

கோபப்படாமல் யோசி. கை தூக்கினேன், விளக்கு சிமிட்டவில்லை என்று நீயே எழுதுகிறாய். மூட்டு அறுவதற்கு முன்பும் சிமிட்டலுக்காகப் பார்த்தாயா? இரண்டு ஓட்டத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதும் நம் சட்டம்தான். சிமிட்டல் வராவிட்டால் கரைக்கு வர வேண்டும். "இன்னும் ஒரே ஒரு ஓட்டம்" என்று நீ சொல்வதை நான் இந்தப் பதினாலு வருடத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். உன்னைத் தெரிந்த எவரும் இதை நம்புவார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

இரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்திரு.

தயவுசெய்து பட்டறை முகவரிக்கே எழுது. லிஸ்பெத்துக்கு வேண்டாம் என்று நீ நினைத்தது சரி.

அன்புடன்,
ஹோல்கர்


வெஸ்டர்கிளிட்
31 ஜனவரி 1993

மாப்பிள்ளை,

அடேயப்பா, என்ன அழகான கடிதம்! மின்வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸ் என்று நினைத்து என் பெண்டாட்டி அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சிமிட்டலுக்காகப் பார்க்கவில்லை. நாலு ஓட்டம் பார்க்கவே இல்லை. அலை அப்படி இருந்தது. கீழைக்காற்று நெற்றியில் சீப்புப் போட்டு வாரிவிட்டது போல ஒவ்வொன்றும் நின்றது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு அப்படி ஒரு மத்தியானம் கிடைத்தால், அவன் கரையில் நிற்கிற உன் மூஞ்சியையா பார்ப்பான்? தப்புத்தான். கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லவும் தயார். ஆனால் நான் ஏன் பார்க்கவில்லை தெரியுமா? விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். பதினாலு வருடமாக எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ அணைத்தேன் என்கிறாய். கிர்ஸ்டின் அம்மாளைத் தெரியும்தானே, நாயும் அவருமாக மணல்மேட்டில் நடப்பவர். நேற்று ரொட்டியும் ஊறுகாய் ஹெர்ரிங் மீனும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கடலில் புள்ளியாக ஏதோ ஆடுவதைப் பார்த்ததும் அவர் முதலில் ஓடியது போனுக்கு இல்லை, உன் காருக்கு.

"வெளக்கு எரியுது, ஹோல்கர் தம்பி உள்ளதான் இருக்கும்னு கண்ணாடியத் தட்டினேன். தட்டித் தட்டிக் கை வலிச்சுது. குனிஞ்சு பாத்தா உள்ள யாருமே இல்ல. நாய்கூட உள்ளப் பாத்துக் கொலச்சுது எவால்ட்டு" என்றார்.

ஆக்சலிடமும் சொல்லியிருக்கிறார். அவன், "போன வருசம் நீங்க நீர்மூழ்கிக் கப்பலயும்தான பாத்தீங்க" என்று அனுப்பிவிட்டானாம். படகு திரும்பி வரும்போது விளக்கு இல்லை என்பது உண்மை. எஞ்சின் ஓடாமல் அவ்வளவு நேரம் எரிந்தால் உன் பழைய பச்சைக் காரின் பேட்டரி என்ன பண்ணும்? நீ எலக்ட்ரீஷியன், நீ சொல்லு.

இன்னொன்று. கரையில் கம்பளி போர்த்தினாயே, அப்போது எனக்குக் கண் கொஞ்சம் திறந்திருந்தது. உன் தாடியில் உப்புப் பனி மணி மணியாகத் தொங்கியது. உன் கோட்டுக்குக் கீழே ரப்பர் உடுப்பு போட்டிருந்தாய், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கியோஸ்க்கில் காபியை எப்படிக் குடிக்கிறீர்கள், மாப்பிள்ளை, உள்ளே இறங்கியா?

இதில் என் பெரிய சிவப்புப் பாயை வேறு காணோம். மறுநாள் ஆக்சல்தான் படகு வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து என் பெண்டாட்டியிடம் தந்தான். நனைந்திருந்ததாம். மணலில் போட்டுவிட்டுப் போன பாய் மணலோடுதானே இருக்க வேண்டும்? ஒரு பொட்டு மணல் இல்லை அதில்.

எங்கே போனாய்? பெண் விவகாரம் என்றால் சொல்லிவிடு. அடிக்க மாட்டேன், லிஸ்பெத்தே அந்த வேலையைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் ரப்பர் உடுப்போடு போகிற பெண் விவகாரத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

எவால்ட்


ஹிர்ட்ஷால்ஸ்
14 பிப்ரவரி 1993

மச்சான்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்து எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நவம்பரில் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு புகைப்படக்காரன் வந்தான், ஞாபகம் இருக்கும். பாய்ப்பலகைப் பத்திரிகைக்காரன். குளிர்காலக் கடல் பற்றி ஒரு இதழ் போடுகிறானாம். அந்தச் சனிக்கிழமை, நீ சின்னப் பாயோடு இறங்கிய பிறகு, அவன் வண்டி மறுபடி வந்து என் காருக்குப் பக்கத்தில் நின்றது. வடக்குக் கற்சுவரில் அலை அற்புதமாக உடைகிறது, வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம்தான், வா என்றான். என்னைக் கூப்பிட்டான். எனக்கு நாற்பத்தேழு வயது. என்னை யாரும் எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பத்து நிமிடம் என்று நினைத்தேன். சத்தியமாகப் பத்து நிமிடம்தான் நினைத்தேன்.

விளக்கை ஏன் எரியவிட்டேன் என்று கேட்பாய். அணைத்தால் நீ கரைக்கு வந்துவிடுவாய். வந்தால் எங்கே போகிறாய் என்று கேட்பாய், நானும் வருகிறேன் என்பாய். நீ வந்தால் அவன் உன்னைத்தான் படம் எடுப்பான். எங்கே போனாலும் அப்படித்தான். நீ ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேர் சிரிக்கிறார்கள். நான் பத்து வார்த்தை சொன்னால் "எவால்ட் எங்கே" என்று கேட்கிறார்கள். என் கல்யாணத்தில்கூட எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது உன் பேச்சைத்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம்.

எச்சரிக்கைச் சங்கு கேட்டதும் கற்சுவரிலிருந்து ஓடியே வந்தேன். ஆக்சல் "யாரு பாத்துட்டு இருந்தது?" என்று கத்தினான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

ஒன்று யோசித்துப் பார். அதே கூட்டத்தில்தான் படகோட்டும் பொறுப்பை ஆக்சல் வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறான். என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். லிஸ்பெத் உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். உனக்கு மூட்டு வலி வேறு. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் நீயே படகை விட்டுவிடத்தான் போகிறாய். கொஞ்சம் முன்னதாக விட்டதாக வைத்துக்கொள்ளக் கூடாதா? நான் படகோட்டி ஆனதும் அடுத்த வருடம் நானே உன்னைத் திரும்பக் கூப்பிடுவேன். எழுதியே தருகிறேன்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹோல்கர்


வெஸ்டர்கிளிட்
சனி, 20 பிப்ரவரி 1993

மாப்பிள்ளை,

கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். அதற்குள் தபால்காரன் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்துவிட்டான். என் பெயருக்கு.

உள்ளே அச்சுக்குப் போகும் பக்கத்தின் நகல். முழுப் பக்கப் படம். ஒருவன் கற்சுவருக்கு மேலே பலகையோடு வானத்தில் தொங்குகிறான். தலையில் ரப்பர் குல்லாய், மூக்கு நுனி மட்டும் தெரிகிறது. பாய் சிவப்பு. வலது மூலையில் என் பெண்டாட்டி தைத்த நீல ஒட்டு. கீழே எழுத்து: "டென்மார்க் வெஸ்டர்கிளிட்டின் எவால்ட், ஜனவரி 9, பிற்பகல்."

கூடவே ஒரு கடிதம். ஜெர்மன்தான், வாத்தியார் மகளை வைத்துப் படித்துக்கொண்டேன். நவம்பரில் என்னைக் கடலில் பார்த்தது முதல் என் சிவப்புப் பாயைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசையாம். அன்றைக்கு என் மச்சினனிடம் சொல்லி அனுப்பியதும் நான் உடனே பாயோடு வந்ததற்கு நன்றியாம். குல்லாயும் காற்றும் சத்தமுமாக இருந்ததால் இரண்டு வார்த்தை பேச முடியாமல் போனதில் வருத்தமாம். சங்கு ஊதியதும் மீட்புப் படகுக்கு ஓடிய என் கடமையுணர்ச்சியைக் கண்டு கண் கலங்கிவிட்டதாம்!

நான் எவ்வளவு நல்லவன் பார்த்தாயா. காகிதத்தில் பறக்கிறேன், அதே நேரம் கடலில் மிதக்கிறேன், நடுவில் என்னையே காப்பாற்ற ஓடியும் போகிறேன்.

"என்னைக் கூப்பிட்டான்" என்று எழுதினாயே, ஹோல்கர். நாலு தடவை கிழித்து எழுதிய கடிதத்தில், அடுப்பில் போடச் சொன்ன கடிதத்தில், கெஞ்சிக் கேட்ட கடிதத்தில்கூட. அவன் கூப்பிட்டது என்னை. நீ விளக்கை எரியவிட்டு, மணலில் கிடந்த என் பாயைத் தூக்கிக்கொண்டு, என் பெயரையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

நீ ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது. சிரிக்காமல் சொல்கிறேன். "இன்னைக்கு ஒருநாள் உன் பாயக் குடு, நான் போறேன்" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஒரு மாதம் கேலி பண்ணியிருப்பேன், கொடுத்தும் இருப்பேன்.

மூட்டு வலி பற்றி எழுதினாய். வலிக்கிறதுதான். ஐஸ் மேல் நின்று மீன் அறுக்கிறவனுக்கு வலிக்காமல் இருக்குமா? ஆனால் நான் படிப்பில் எதுவும் இல்லை, பணத்தில் எதுவும் இல்லை. இந்த ஊரில் ஒருவன் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான் என்றால் அது அந்தப் படகுக்காக. அதை அடுத்த வருடம் எனக்குத் தானம் பண்ணுவேன் என்கிறாயே.

இப்போது கேள். 27-ஆம் தேதி நீ எழுந்து நின்று நீயே சொல். உன் வாயால். அப்படிச் செய்தால் இந்தப் படம் என் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. பாய், பெயர், பத்திரிகை, ஒன்றையும் எவனுக்கும் சொல்ல மாட்டேன். "கொஞ்ச நேரம் நகர்ந்து போயிட்டேன், தப்பு என்னுது" என்ற ஒரு வரி போதும்.

நாளைக்குப் பிள்ளைகள் கம்பால் பீப்பாயை அடித்து உடைத்து மிட்டாய் எடுக்கும் பண்டிகை. லிஸ்பெத் கிரீம் பன் சுட்டு அனுப்பியிருக்கிறாள். உன் பங்கையும் சேர்த்து நானே தின்றுவிட்டேன்.

எவால்ட்


ஹிர்ட்ஷால்ஸ்
24 பிப்ரவரி 1993

மச்சான்,

நீ சொல்வது சரி. சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். நானே சொல்கிறேன், ஆரம்பத்திலேயே, காபி வருவதற்கு முன்பே. வார்த்தைகளை எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

படத்தைக் கொண்டுவர வேண்டாம். தேவைப்படாது. என் மேல் இந்த ஒரு தடவை நம்பிக்கை வை.

ஹோல்கர்


ஹிர்ட்ஷால்ஸ்
4 மார்ச் 1993

எவால்ட்,

நீ கொண்டுவந்திருந்தாய். வேண்டாம் என்று எழுதியும் சட்டைப்பையில் வைத்திருந்தாய். என்னை நீ நம்பவே இல்லை.

நான் சொல்லத்தான் போனேன். எழுதிய தாள் என் கையிலேயே இருந்தது. ஆக்சல் என் தோளில் கை போட்டு, "இவன் மட்டும் அன்னைக்கு ஓடி வரலன்னா" என்று ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? காபிக்குப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். காபிக்குப் பிறகு உன் விஷயத்துக்குக் கை தூக்கச் சொன்னான். நானும் பார்த்தேன், மூன்று கைதான் எழுந்தது. அதன் பிறகு சொல்லியிருப்பேன். நீ ஐந்து நிமிடம் பொறுக்கவில்லை.

படத்தை மேசையில் வைத்தாய். முதலில் சிரித்தார்கள், நீ ஏதோ வேடிக்கை பண்ணுகிறாய் என்று. அப்புறம் அந்தத் தடியன் பென்ட், "இது எவால்ட் இல்லடா. இடுப்ப இப்படிப் பின்னால தள்ளிக்கிட்டு நிக்கறது நம்ம ஹோல்கர்டா" என்றான். உடனே சிரிப்பு நின்றது. ஆக்சல் என் முகத்தைப் பார்க்காமல், "தேதியப் படி" என்று மட்டும் சொன்னான்.

உனக்கு உன் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு எதுவும் இல்லை. படகுக் குழுச் சாவியைத் தபாலில் அனுப்பச் சொல்லி ஆக்சல் ஒரு வரி எழுதியிருக்கிறான். லிஸ்பெத் போனில் பேசுகிறாள், ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில். "நீ வெளக்க அணச்சிருந்தா அண்ணன் கரைக்கு வந்திருப்பான்ல?" என்று ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டாள்.

இவ்வளவு கோபமாக எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். கோபம் தீர்ந்ததும் மிச்சம் இருப்பது வேறு. பதினாலு குளிர்காலம், மச்சான். நீ தண்ணீரில், நான் காரில். அப்புறம் நான் தண்ணீரில், நீ காரில். எனக்கு வேறு யாரோடும் பழக்கம் இல்லை. 13-ஆம் தேதி சனிக்கிழமை மறுபடி கீழைக்காற்று என்கிறார்கள், இந்தக் குளிர்காலத்தின் கடைசிக் காற்றாக இருக்கும். நான் ஊருக்கு வருகிறேன். நான் இறங்க மாட்டேன். காரிலேயே உட்காருகிறேன், எஞ்சினை ஓடவிட்டு. நீ மட்டும் போ. எத்தனை ஓட்டம் வேண்டுமானாலும் போ.

வருவாயா?

ஹோல்கர்


வெஸ்டர்கிளிட்
9 மார்ச் 1993

ஹோல்கருக்கு,

படத்தைக் கொண்டுவந்தது உண்மை. உன்னை நம்பவில்லை என்பது பொய். வீட்டிலிருந்து படகு வீடு வரைக்கும் நடக்கும்போது, இதை வெளியே எடுக்காமலே திரும்பக் கொண்டுபோய், பென்ட்டுக்குத் தெரியாமல் கழிவறையில் மாட்டி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்பைத் தவிர.

காபிக்கு முன்னால் காத்திருந்தேன். காபி வந்தது, ரொட்டி வந்தது, ஈரல் பசை வந்தது. நீ உன் கோப்பைக்குள்ளே எதையோ தொலைத்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். கை தூக்கச் சொன்னபோதும் காத்திருந்தேன். மூன்று கை எழுந்தது என்று எழுதினாயே, அந்த மூன்றில் உன் கை இல்லை. நீ எண்ணியபோது அதைக் கவனித்தாயா?

அதற்குமேல் என் இடத்துக்காக நான் படத்தை எடுக்கவில்லை. அடுத்த விஷயம் படகோட்டி நியமனம், ஆக்சல் உன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டான். பென்ட்டுக்குப் போன மாதம்தான் மூன்றாவது குழந்தை பிறந்தது. அவன் இருட்டில் அலையில் குதிக்கும்போது, படகில் இருக்கிறவன் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பித்தான் குதிப்பான். அதை நினைத்ததும் என் கை தானாகப் பைக்குள் போயிற்று.

இனி ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன்.

முதல் கடிதத்தில், நீ சொன்னதெல்லாம் ஆக்சல் வந்து சொல்லித்தான் தெரியும் என்று எழுதினேன். அது பொய். ஆக்சலுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். கரையில் என்னைப் போட்டபோது நினைவில்லை என்று எல்லோரும் நினைத்தீர்கள். கண் கொஞ்சம் திறந்திருந்தது என்று உனக்கு எழுதினேன். காதைப் பற்றி எழுதவில்லை. காது முழுசாகத் திறந்திருந்தது.

நீ என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையையும் உன் கைக்குள் வைத்துத் தேய்த்தாய். ஊதி ஊதித் தேய்த்தாய். "மச்சான், மச்சான், கண்ணத் தெற மச்சான்" என்று அழுதாய். நடிக்கவில்லை. நடிக்கிறவன் அப்படித் தேய்க்க மாட்டான், எலும்பு நொறுங்குகிற மாதிரி. அப்போதுதான் ஆக்சல் வந்து யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று கத்தினான். நீ தேய்ப்பதை நிறுத்தவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "நான் வெளக்க அணச்சுட்டேன் ஆக்சல். எவ்வளவோ சொன்னேன். இவன் கேக்க மாட்டான். உனக்குத்தான் தெரியுமே இவனப் பத்தி."

எனக்குப் பேச்சு வரவில்லை, தாடை கிட்டிப் போயிருந்தது. வந்திருந்தால் அங்கேயே ஒரு வேடிக்கைப் பேச்சில் முடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் படுத்து யோசித்தேன். பயத்தில் உளறிவிட்டான், ஒரு வாரத்தில் வந்து சொல்லிவிடுவான் என்று. நீ வரவில்லை, ஹிர்ட்ஷால்ஸுக்குப் போய்விட்டாய். அதனால்தான் எழுதத் தெரியாதவன் எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரி, ஆக்சலுக்குக் காது மந்தம் என்று உனக்கு நானே சாக்கு எடுத்துக் கொடுத்தேன். எத்தனை கடிதம்! ஒவ்வொன்றிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நீ ஒவ்வொரு தடவையும் வந்து, கதவு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பத்து நிமிடம் ஒரு படத்துக்காகப் போனதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அப்படி ஓர் அலைக்கு நானும் போயிருப்பேனோ என்னவோ. பாயும் போகட்டும், பெயரும் போகட்டும். ஆனால் அந்தக் கையும் அந்த வாயும் ஒரே ஆளுடையது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. முயற்சி பண்ணினேன்.

லிஸ்பெத்திடம் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் உன்னோடு வாழ வேண்டியவள்.

சனிக்கிழமை நான் உன்னோடு வரவில்லை. ஆக்சலைக் கேட்டிருக்கிறேன். அவனுக்குப் பாய்ப்பலகையில் ஏறத் தெரியாது, காருக்குள் உட்காரத் தெரியும். அதற்கே அவன் மூன்று நிபந்தனை போட்டான்: சிகரெட் நான் வாங்க வேண்டும், பாட்டு அவன் போடுவான், இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டுவான். அவனோடு எனக்குச் சிரிப்பு வராது என்பது தெரிந்துதான் கேட்டேன்.

நீ கைகளைத் தேய்த்துவிட்டதற்கு மட்டும் நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரண்டு மூன்றை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். பத்து விரலும் இருக்கிறது. அதில் ஐந்தால்தான் உனக்கு இந்தக் கடைசிக் கடிதத்தை எழுதுகிறேன்.

எவால்ட்